புத்திசாலிப் பிள்ளைகளுக்கான பள்ளி: சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி, 2 மார்ச் 2023

மகள் ஐந்தாம் வகுப்பு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. தலைமை ஆசிரியரே கூப்பிட்டு, "இவளுக்குச் சொல்லித்தர எங்களிடம் இனி ஒன்றும் இல்லை, வேறு இடம் பாருங்கள்" என்கிறார். கும்பகோணம் பக்கத்தில், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் தேர்வு வைத்து எடுக்கும் தனியார் பள்ளி ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். பணம் எப்படியாவது புரட்டிவிடலாம். பலன் இருக்கிறதா? சேர்த்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். விளம்பரம் வேண்டாம்.

3 மார்ச் 2023

போன ஜூனில் பையனை ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். நீங்கள் சொல்வது எந்தப் பள்ளி என்று தெரிகிறது. பெயர் சொல்ல மாட்டேன், அவன் இன்னும் அங்கேதான் படிக்கிறான். எங்கள் ஊர் டீக்கடையில் அதற்கு 'ஜீனியஸ் ஸ்கூல்' என்று பேர்.

சேர்க்கை நாளைச் சொல்கிறேன், பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை ஹாலுக்குள் அனுப்பினார்கள். நாற்பது கேள்வி, ஓ.எம்.ஆர். தாள். எண் தொடர், அடுத்த உருவம் எது, இந்த மாதிரி. பத்து வயதுப் பிள்ளைகள் வட்டத்தைக் கறுப்பாக்கும் வேலையை எங்கேயோ பழகிக்கொண்டு வந்திருந்தார்கள். என் பையன் பேனாவையே மறந்துவிட்டுப் போனான். பக்கத்துப் பெண் ஒன்று கொடுத்தாளாம்.

அப்புறம் நேர்காணல். அவனிடம் ஐந்து நிமிடம், எங்களிடம் அரை மணி நேரம். சாயந்திரம் பிள்ளையோடு யார் உட்காருவீர்கள்? டிவி எத்தனை மணி வரை ஓடும்? அப்பா என்ன வேலை? "விவசாயம், கூடவே மோட்டார் ரிப்பேர்" என்று இவர் சொன்னதும் எதிரில் இருந்தவரின் பேனா நின்றது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்ன பிறகு மறுபடி ஓடியது.

வெளியே வந்ததும் இவர் கேட்டார்: "பரீட்சை அவனுக்கா, நமக்கா?"

பட்டியலில் பேர் வந்தது. இரண்டு கிலோ லட்டு வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன். உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள், அதனால் லட்டையும் சொல்லிவிட்டேன்.

3 மார்ச், இரவு

பணத்தைக் கேட்டால் கதை அளந்திருக்கிறேன். ஆறாம் வகுப்புக்கு எங்களுக்கு ஆனது: முதல் ரசீது 32,000, அரசின் கட்டணக் குழு நிர்ணயித்தது என்று அச்சடித்திருக்கும். இரண்டாவது ரசீது 45,000, 'ஃபவுண்டேஷன்' பயிற்சி, ஏதோ ஒரு அறக்கட்டளையின் பேரில். பஸ் 16,000. புத்தகம், சீருடை, ஷூ எல்லாம் சேர்த்து 9,000 பக்கம். ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. முதல் ரசீதை மட்டும் காட்டி "எங்கள் கட்டணம் குறைவு" என்பார்கள், ஏமாறாதீர்கள்.

மூன்று தவணை. முதல் தவணை ஜூன் 15. டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தால் அந்த வாரம்தான் கையில் இருக்கிறதெல்லாம் உழவுக்கும் நாற்றங்காலுக்கும் போகும். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் கணக்கில் பணம் ஏறுவது தை, மாசியில். தவணைத் தேதி போட்டவர் மாதச் சம்பளக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

5 மார்ச் 2023

நுழைவுத் தேர்வு சட்டப்படி செல்லுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செல்லாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சேர்க்கையின்போது பிள்ளையை மட்டுமல்ல, பெற்றோரையும் சலித்தெடுக்கக் கூடாது என்று இருக்கிறது. முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. எட்டாம் வகுப்பு வரைக்கும் இதுதான் நிலைமை. அதனால் அழைப்புக் கடிதத்தில் தேர்வு என்ற வார்த்தையே இருக்காது, 'கலந்துரையாடல்' என்று போட்டிருப்பார்கள். ஓ.எம்.ஆர். தாளோடு கலந்துரையாடினான் என் பையன்.

புகார் கொடுத்தீர்களா என்று அடுத்த கேள்வி வரும். கொடுக்கவில்லை. சலிக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேதான் சல்லடையில் போய் நின்றேன். இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

6 மார்ச் 2023

ஒன்று விட்டுப்போனது. மாடிப்படி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனபோது நான் அதே ஊரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் கூரைக்கும் படிக்கும்தான் போகும். இங்கே அகலமான படி இரண்டு பக்கமும் இருக்கிறது, சமையற்கட்டு தனிக் கட்டடம், கீற்று எங்கும் இல்லை. நீங்கள் பார்க்கப் போனால் ஸ்மார்ட் போர்டைக் காட்டுவார்கள். படியைக் காட்டச் சொல்லுங்கள்.

19 ஜூன் 2023

ஏழாம் வகுப்பு தொடங்கிவிட்டது. ஒரு வருடம் ஆன பிறகு சொல்கிறேன் என்றிருந்தேன், இப்போது சொல்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறேன்.

பையன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். பழைய பள்ளியில் டீச்சர் என்னைப் பார்த்தாலே, "உங்கள் பையன் என்னைப் பாடம் நடத்த விட மாட்டேங்கிறான்" என்று சிரித்துக்கொண்டே புகார் சொல்வார். இங்கே அப்படி ஒரு புகாரும் இல்லை. டயரியில் 'அமைதியான மாணவன்' என்று எழுதியிருக்கிறார்கள். வயிற்றைக் கலக்கியது.

காரணம் தரப்பட்டியல்தான். மாதத்துக்கு ஒரு தேர்வு, அதை வைத்து ஏ பேட்ச், பி பேட்ச், சி பேட்ச். ஒன்றாம் தேதி ஒவ்வொரு பிள்ளையும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போக வேண்டும். பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. இவர்கள் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு மாதா மாதம் அறிவிக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் குட்டையில் அவன் விரால். கொண்டுபோய் வீராணம் ஏரியில் விட்டதும் அயிரையாகிவிட்டான். இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980-களிலேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் கூட்டத்துக்குள் போனது தன்னைக் குறைவாக மதிப்பிட்டுக்கொள்ளும். அவரும் சின்னக் குளத்துப் பெரிய மீன் என்றுதான் பேர் வைத்திருக்கிறார்.

21 ஜூன் 2023

முந்தாநாள் எழுதியதில் ஒரு திருத்தம். கேள்வி கேட்காததற்குத் தரப்பட்டியல் காரணம் இல்லையாம், நான் அவனிடம் கேட்காமலேயே எழுதிவிட்டேன். கேட்டேன். "சார் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லிட்டார்மா" என்றான். யார் சார்? கணக்கு சார். எதற்கு? "போர்ஷன் முடிக்கணுமாம்." நோட்டை வாங்கிப் பார்த்தேன். பின்பக்கமாகப் பதினோரு பக்கம் கேள்வி. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் ஏன் ஒன்று இல்லை. கிணற்றுத் தண்ணீர் மட்டம் பக்கத்து ஆற்று மட்டத்தைவிடக் கீழே போக முடியுமா. இப்படியே போகிறது.

பதினோரு பக்கத்துக்கும் ஒரு பதில்கூட இல்லை. லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு பின்பக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள்.

22 ஜூன் 2023

பஸ்ஸைப் பற்றிக் கேட்டவருக்கு. எங்கள் நிறுத்தத்தில் காலை 6.40. போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம், திரும்ப இன்னும் கூட. ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போகிறது என்று நானும் கவலைப்பட்டேன். ஒருநாள் டிபன் டப்பாவை மறந்துவிட்டான் என்று ஸ்கூட்டியில் துரத்திக்கொண்டு போய் ஏறினேன். கடைசி வரிசையில் ஏழெட்டுப் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி புதிர் போடுகிறாள், மற்றவர்கள் கத்துகிறார்கள், நம்ம 'அமைதியான மாணவன்'தான் எல்லோரையும்விடச் சத்தம். கிளீனர் என்னைப் பார்த்து, "தினம் இந்தக் கூத்துதான் அக்கா" என்றார்.

அவன் பள்ளிக்குப் போவது இதற்காகத்தானோ என்று தோன்றியது. பழைய பள்ளியில் அவனுக்கு ஆள் கிடையாது. இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

12 ஆகஸ்ட் 2023

கணக்கு சாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அந்தப் பின்பக்கம் தட்டிக்கழிப்பதற்காக இல்லை. சனிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் அவருக்குத்தான். எல்லா நோட்டையும் திருப்பி வைத்துக்கொண்டு பின்பக்கக் கேள்விகளைத்தான் பாடமாக நடத்துகிறார். பையன் அதை எனக்குச் சொல்லவில்லை. கேட்டால், "நீ கேட்கலையே" என்கிறான். ஜூன் 21-ல் நான் எழுதியதைப் படித்தவர்கள் அதை அடித்துவிடுங்கள்.

போன வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். செய்தியில் 'மேட்டூரிலிருந்து வினாடிக்கு 10,000 கன அடி' என்கிறார்களே, அப்படியென்றால் எவ்வளவு என்று யாரோ பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். சார் பிள்ளைகளையே போட வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அப்படியானால் ஒரு நாளில் 86 கோடியே 40 லட்சம் கன அடி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஆக, நாள் முழுக்கத் திறந்துவிட்டாலும் ஒரு டிஎம்சிகூட ஆகவில்லை. மேட்டூர் 120 அடி நிரம்பி நின்றால் 93.47 டிஎம்சி. வரத்தே இல்லாமல் இந்த வேகத்தில் விட்டால் எத்தனை நாள்? 108 நாள்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னான். என் மாமனார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஆடுதுறை 43 நெல்லுக்கு நூத்திப்பத்து நாள். ரெண்டு நாள் உதைக்குதேடா" என்றார். அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் இரண்டு பேரும் திண்ணையில். வெயிலில் ஆவியாவது எவ்வளவு, வாய்க்காலில் மண் குடிப்பது எவ்வளவு, நாற்றங்காலில் கழியும் நாளைக் கழிக்கலாமா என்று ஒரே சண்டை.

ஒரு லட்சத்தில் எனக்குக் கிடைத்தது இது. மலிவு என்றுகூட அன்றைக்குத் தோன்றியது.

17 அக்டோபர் 2023

மேட்டூரைப் போன வாரம் மூடிவிட்டார்கள். 108 நாள் கணக்கெல்லாம் நிரம்பிய அணைக்கு. இந்த வருடம் கர்நாடகத்திலிருந்து வர வேண்டியது வரவில்லை. எங்கள் குறுவையில் பாதி கருகிவிட்டது.

இரண்டாம் தவணைக்கு ஒரு மாதம் அவகாசம் கேட்கப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி, "கரஸ்பாண்டென்டைப் பாருங்க மேடம்" என்றாள். அவர் உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். "நல்ல பிள்ளை, அவன் எதிர்காலத்தில் விளையாடாதீங்க" என்றார். விளையாடுவது நானா, காவிரியா என்று கேட்டிருக்க வேண்டும். நல்ல பதில் எல்லாம் எனக்கு எப்போதும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும்.

நான் வேலை பார்ப்பது கூட்டுறவுக் கடன் சங்கம் என்று சொன்னேன் அல்லவா. ஜூனில் நகைக்கடனுக்கு வருகிறவர்களிடம் நோக்கம் என்ன என்று கேட்டு எழுத வேண்டும். 'விவசாயம்' என்பார்கள், எழுதுவேன். ரசீது வாங்கிக்கொண்டே, "டேர்ம் பீஸ் கட்டிட்டு வந்துடறேன்" என்பார்கள். இந்த வருடம் என் வளையல் இரண்டும் அதே பீரோவுக்குள் போனது. நோக்கம்: விவசாயம்.

8 ஜனவரி 2024

கணக்கு சார் போய்விட்டார். திருச்சியில் ஒரு கோச்சிங் சென்டர். இங்கே வாங்கியதைப்போல இரண்டரை மடங்கு சம்பளம் என்று பேச்சு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் பெற்றோர்கள் கட்டுகிற பணம் எங்கே போகிறது? புது ஆடிட்டோரியத்துக்கு ஏசி போட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில் இப்போது ஃபவுண்டேஷன் மாதிரித் தேர்வு.

20 ஜனவரி 2024

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். மகளை எங்கேயும் மாற்றாமல், பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்துவிட்டாராம். டாக்டர் ஆக வேண்டும் என்கிறாளாம், தப்புப் பண்ணிவிட்டேனா என்கிறார்.

இதைப் போன மார்ச்சிலேயே சொல்லாததற்கு என்னைத்தான் உதைக்க வேண்டும். 2020-ல் வந்த சட்டத்தின்படி, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, நீட் எழுதித்தான். நிபந்தனை: ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. காசு கட்டிச் சேர்த்தவர்களுக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பில் தனியாருக்கு மாற்றினால் அந்தக் கதவு அன்றைக்கே சாத்திவிடும், அப்புறம் ஒன்பதில் திரும்பினாலும் திறக்காது. எனக்கு இது தெரிந்தது பையனைச் சேர்த்து ஒரு வருடம் கழித்து. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, லட்டு வாங்குவதில் மும்முரமாக இருந்தேன்.

இன்னும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு. அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000. புதுமைப் பெண் திட்டம், கல்லூரிக்குப் போன பிறகு மாதம் 1,000. தொகை சின்னதுதான், ஆனால் அவள் பேரில் வரும்.

கெட்டிக்காரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கென்றே மத்திய அரசு 1980-களில் தொடங்கிய நவோதயா தமிழ்நாட்டில் கிடையாது, மொழிப் பிரச்சினை, அந்தச் சண்டைக்கு இங்கே இடம் கொடுக்காதீர்கள். காரைக்காலில் ஒன்று இருக்கிறது. நாகூரைத் தாண்டினால் காரைக்கால். ஆனால் அந்த மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைதான் எழுத முடியும். வாஞ்சூர் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் பிறக்கவில்லை, என்ன செய்வது.

26 பிப்ரவரி 2024

சின்னவளுக்குக் கலந்துரையாடல். ஆமாம், இவ்வளவும் எழுதிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். 7.5 சதவீதத்தை உங்களுக்கு விளக்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அண்ணன் போகிற பள்ளிக்குத் தானும் போக வேண்டும் என்று இரண்டு வருடமாக நச்சரித்தாள்.

நேர்காணலில் ஒரு மிஸ் கேட்டார்: "ஒரு ஏக்கர் என்பது எவ்வளவு?" இவள் சொன்னாள்: "மூணு மாவும் ரெண்டரைக் குழியும்."

மிஸ் எங்களைப் பார்த்தார். "மாமரமா?" என்றார்.

தாத்தாவோடு வரப்பில் நடந்தே கற்றுக்கொண்டது. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஏக்கருக்கு 43,560 சதுர அடி. போட்டுப் பாருங்கள், அவள் சொன்னது அச்சுப் பிசகாமல் சரி. நான் விளக்கப் போனேன், "பரவாயில்லை மேடம், பாப்பா ரொம்ப ஸ்வீட்" என்று முடித்துவிட்டார். தஞ்சாவூர் ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு மா, குழி தெரியாமல் பிள்ளைகளை அளக்கிறார்கள்.

9 மார்ச் 2024

பேர் வரவில்லை.

அவள் அழவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "அப்போ நான் மக்கா?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அண்ணன்காரன் எழுந்து போய்க் கை கழுவிவிட்டுத் திரும்பி வரவே இல்லை. பாதிச் சோறு தட்டில்.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். ஒருத்தனைப் புத்திசாலி என்று ரசீது போட்டு வாங்கி வந்தால், வீட்டில் இருக்கும் இன்னொருத்திக்கு அன்றைக்கே ஒரு பேர் விழுந்துவிடுகிறது. நாம் வைக்க வேண்டியதே இல்லை.

11 மார்ச் 2024

ஆறுதல் சொன்னவர்களுக்கு ஒரு கதை. 1921-ல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்பவர் அறிவுத்திறன் சோதனை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேதைக் குழந்தைகளைப் பொறுக்கியெடுத்தார், பல வருடம் பின்தொடர்ந்தார். அவருடைய சோதனையில் தேறாமல் போன பையன்களில் இரண்டு பேர் பிற்பாடு இயற்பியலில் நோபல் வாங்கினார்கள்: ஷாக்லி 1956-ல், ஆல்வரெஸ் 1968-ல். பொறுக்கியெடுத்த கூட்டத்தில் ஒருவரும் வாங்கவில்லை.

சின்னவளிடம் சொன்னேன். "அவங்களுக்கு மா, குழி தெரியுமா?" என்றாள். தேறிவிட்டாள்.

பள்ளி வரவேற்பறையில் ராமானுஜன் படம் பெரிசாக மாட்டியிருக்கும், கும்பகோணத்தில் பிறந்த மேதை அல்லவா. அதே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர் அவர். இங்கே என்றால் அடுத்த ஒன்றாம் தேதி பையைத் தூக்கிக்கொண்டு சி பேட்ச்.

12 மார்ச் 2024

சரி சரி, ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887. வளர்ந்ததும் படித்ததும்தான் கும்பகோணம். நான்கு பேர் திருத்திவிட்டீர்கள். என் மகளின் கதைக்கு இவ்வளவு வேகமாக யாரும் வரவில்லை.

3 ஜூலை 2024

இந்த ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்கவில்லை, தண்ணீர் இல்லை. எங்களுக்குக் குறுவையும் இல்லை. முதல் தவணை கட்டியாகிவிட்டது, எப்படி என்று கேட்காதீர்கள். சின்னவள் ஊர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. புத்தகம், சீருடை, சைக்கிள் நிறுத்த இடம், எல்லாம் இலவசம். முதல் நாளே அறிவியல் டீச்சர் பிள்ளைகளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். வறண்ட வாய்க்கால்தான். நத்தை ஓடு பொறுக்கினார்களாம்.

அந்த டீச்சர் அடுத்த கலந்தாய்வில் மாறுதலாகிப் போனாலும் போவார். அதனால் அரசுப் பள்ளிதான் சொர்க்கம் என்று நான் எழுதுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி.

1 டிசம்பர் 2024

நான்கு நாளாக மழை. சம்பா தண்ணீரில் நிற்கிறது. பள்ளிகளுக்கெல்லாம் லீவு, ஜீனியஸ் ஸ்கூலுக்கு மட்டும் செல்போனில் வகுப்பு. இவர் வரப்பை வெட்டிவிடப் போகிறார், மண்வெட்டியோடு பையனும் போகிறான், சட்டைப்பையில் செல்போனில் உயிரியல் மிஸ் பேசிக்கொண்டிருக்கிறார். வருகைப் பதிவு ஆகிவிட்டது.

15 ஏப்ரல் 2025

எட்டாம் வகுப்பு முடிந்தது. அழைத்து வந்துவிடலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு பண்ணி அவனை உட்கார வைத்துச் சொன்னோம். டி.சி. பற்றிக்கூட விசாரித்துவிட்டேன். பாக்கி இருக்கிறது என்று டி.சி.யைப் பிடித்து வைக்கும் பள்ளிகள் உண்டு, டி.சி. கட்டணம் வசூலிக்கிற கருவி இல்லை என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, தேவைப்படுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் மாட்டேன் என்றான். இத்தனை வருடமும் நான் பள்ளியைப் பற்றிப் புலம்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன். "உனக்குத்தான்மா அந்த ஸ்கூல் பிடிக்கலை. எனக்கு அங்க ஏழு பேர் இருக்காங்க" என்றான். கடைசி வரிசைக் கூட்டம். அந்தப் புதிர் போடுகிற பெண் பத்தாம் வகுப்பு முடித்துப் போகப் போகிறாளாம், இனி அவன்தான் புதிர் போட வேண்டுமாம்.

இவர் ஒன்றும் பேசவில்லை. நானும்.

2 மே 2025

பேசி முடித்த ஏற்பாடு: பள்ளி அதே பள்ளி, ஃபவுண்டேஷன் வேண்டாம். இரண்டாவது ரசீது கிடையாது. கரஸ்பாண்டென்ட் இந்தத் தடவை காபி கொடுக்கவில்லை. "அப்படியானால் ஏ பேட்ச் கிடைக்காது" என்றார். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், "சி பேட்ச்சில் ஜன்னல் பெரிசு சார்" என்றான். எனக்கு பஸ் ஸ்டாண்டில்தான் தோன்றும் என்றேனே, அந்த வியாதி அவனுக்கு இல்லை.

இது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். ஜேஇஇ எழுத நினைத்தால் பின்னால் வருத்தப்படுவான் என்று என் தம்பி சொல்கிறான். இருக்கலாம்.

13 ஜூன் 2025

நேற்று மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். டிவியில் மதகு திறப்பதைக் காட்டும்போது சின்னவள் அண்ணனிடம், "எத்தனை நாளுக்கு வரும்?" என்றாள். பழைய கணக்கு நோட்டைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தைப் பிரித்து அவளிடம் கொடுத்துவிட்டு, "நீயே போடு" என்று செல்போனைப் பார்க்கப் போய்விட்டான். அவள் கணக்கையும் போட்டுவிட்டு, பதில் இல்லாமல் கிடந்த அவனுடைய கேள்விகள் சிலவற்றுக்குக் கீழே பென்சிலில் ஏதோ எழுதி வைத்திருக்கிறாள். கிணறு கேள்விக்கு, 'போகும். நம்ம கிணறு போன வருஷம் போச்சு' என்று இருந்தது.

வலங்கைமான் பக்கத்திலிருந்து இந்த வருடம் புதிதாகச் சேர்க்கிறவர் பஸ் நேரம் கேட்டிருந்தார். 6.40 என்று போட்டிருப்பார்கள், 6.35-க்கே நில்லுங்கள். கிளீனர் மாறிவிட்டார், புது ஆள் காத்திருக்க மாட்டார். பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.